பண்டல் நம்பர் தொலைந்த ஊர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது திருப்பூர் நகரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? எளிய கேள்விதான். ஆனால் ஆவணங்களைப் புரட்டினால் மூன்று விடைகள் வந்து நிற்கும். ஒன்று 4,44,352 என்கிறது. இன்னொன்று 8,77,778 என்கிறது. மூன்றாவது ஏறத்தாழ 9.6 லட்சம் என்கிறது.

மூன்றும் சரி. கணக்கெடுப்பு நாளன்று இருந்த மாநகராட்சி எல்லைக்குள் எண்ணியது முதல் விடை. அதே 2011-இல் 15 வேலம்பாளையம், நல்லூர் ஆகிய இரண்டு நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. விரிந்த அந்த எல்லைக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது விடை. நகரத்தோடு ஒட்டி வளர்ந்த சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்துக் கணக்கெடுப்புத் துறை 'நகரத் திரள்' என்று வகுத்த பரப்புக்கு மூன்றாவது. ஆட்கள் அதே ஆட்கள், வீடுகள் அதே வீடுகள். நகர்ந்தது கோடு மட்டும்.

அந்தக் கோடு எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எந்த நிர்வாகத்திலிருந்து வரும், குப்பை லாரி யாருடையது, சொத்துவரி எங்கே கட்டுவது என்பதெல்லாம் முடிவாகின்றன. ஆகவே எண்ணைத் தனியாகவும் கோட்டைத் தனியாகவும் வைத்திருந்தால் இரண்டாலும் பயன் குறைவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, கேட்ட நேரத்தில் விடை தரும் வகையில் கணினியில் ஏற்றிவைக்க வேண்டும். வரைபடத் தரவுத்தளம் என்று சொல்வது இதைத்தான். அதில் கணக்கெடுப்பு வரைபடங்களை ஏற்றும் வேலையை ஒவ்வொரு முறையும் கையால் செய்யாமல், ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் கலை உலகின் பல மூலைகளில் முப்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. பனியன் நகரமான திருப்பூருக்கு அது எவ்வளவு அவசரமான கலை என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

சாதாரணத் தரவுத்தளத்தில் ஒரு ஊருக்கு ஒரு வரிசை இருக்கும். பெயர், குறியீட்டு எண், ஆண்கள், பெண்கள், விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர்கள் என்று கட்டங்கள் நீளும். வரைபடத் தரவுத்தளத்தில் கூடுதலாக ஒரு கட்டம் உண்டு. அதில் அந்த ஊரின் எல்லைக் கோடே புள்ளி புள்ளியாக, அட்சரேகை தீர்க்கரேகையோடு பதிந்திருக்கும். 'நொய்யல் ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தெந்த ஊர்கள், அங்கே எத்தனை விவசாயிகள்' என்று கேட்டால், மனிதர் யாரும் வரைபடத்தை விரித்துப் பார்க்காமலே பட்டியல் வந்துவிடும்.

கனடாவின் விக்டோரியா நகரத்தில் இருந்த ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் என்ற நிறுவனம் 2001-இல் வெளியிட்ட போஸ்ட்ஜிஐஎஸ் இந்த வகையில் புகழ்பெற்றது. யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு நடுவே அது விரைவாக விடை தேடும் முறை எளிமையானது. ஒவ்வொரு ஊரையும் சுற்றி ஒரு செவ்வகம் போட்டுக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துச் செவ்வகங்களைச் சேர்த்துப் பெரிய செவ்வகம், அவற்றைச் சேர்த்து இன்னும் பெரியது. கேட்ட இடம் பெரிய செவ்வகத்துக்குள்ளேயே வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் நூறு ஊர்களையும் தொடாமல் தள்ளிவிடலாம். 1984-இல் அன்டோனின் குட்மன் இந்த முறையை எழுதி வெளியிட்டார்.

தேடுவது எளிது. ஏற்றுவதுதான் பாடு.

ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மேசைக்குப் போக வேண்டும். துணியை அடுக்கி வெட்டியதும் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி எல்லாம் தனித்தனிக் குவியல்களாகக் கிடக்கும். எல்லாம் ஒரே நீலம் போலத்தான் தெரியும். ஆனால் ஒரே சாயத்தில் நனைத்த துணியிலும் ரோலுக்கு ரோல் ஷேடு லேசாக மாறும். ஒரு ரோலின் உடலுக்கு இன்னொரு ரோலின் கையைத் தைத்துவிட்டால், மேசையில் தெரியாத வேறுபாடு வெயிலில் தெரிந்துவிடும். அதனால்தான் வெட்டிய துண்டுகளுக்கு எண் போட்டுப் பண்டல் கட்டுகிறார்கள். பவர் டேபிள் தையல் எந்திரத்தில் உட்காருபவர் நிறத்தைப் பார்த்துச் சேர்ப்பதில்லை, எண்ணைப் பார்த்துச் சேர்க்கிறார்.

மக்கள்தொகை எண்களும் வரைபடமும் இப்படித்தான் தனித்தனிக் குவியல்களாக வருகின்றன. எண்கள் எக்செல் கோப்புகளில். எல்லைகள் ஷேப்ஃபைல் என்ற வடிவத்திலோ, அச்சிட்ட வரைபடமாகவோ. இரண்டையும் இணைக்கும்போது அவசரத்தில் பலரும் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் முன்பக்கம் ஒரு ஊர், கை இன்னொரு ஊர் என்று ஆகிறது. திருப்பூரில் வீரபாண்டி உண்டு. கோவை, சேலம், தேனி மாவட்டங்களிலும் வீரபாண்டி உண்டு. செட்டிபாளையங்களையும் மங்கலங்களையும் எண்ணி மாளாது. திருப்பூர் என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஒரு பி போட்டும் இரண்டு பி போட்டும், டி-க்குப் பின்னால் எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். 15 வேலம்பாளையத்தில் பெயரே எண்ணில் தொடங்குகிறது. அந்தப் பதினைந்தை முன்னால் எழுதலாம், பின்னால் அடைப்புக்குறிக்குள் எழுதலாம், புள்ளி வைத்து எழுதலாம், விட்டும்விடலாம். மனிதக் கண்ணுக்கு நான்கும் ஒன்று. கணினிக்கு நான்கும் வேறு வேறு ஊர்.

தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஷேப்ஃபைல் பழைய வடிவம். அதில் கட்டத்தின் தலைப்புக்குப் பத்து பைட்டுதான் இடம். இன்று எங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு வேண்டும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'திருப்பூர்' என்ற சொல்லுக்கு மட்டும் முப்பது பைட்டு. 'கொடுவாய்' என்ற ஊரின் முதல் எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். ஒப்பிடச் சொன்னால் கணினி 'பொருந்தவில்லை' என்று சொல்லிவிடும். மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது. எல்லாப் பெயர்களையும் முதலில் ஒரே முறைக்கு மாற்றிக்கொண்டால் ஒரு வரி நிரலில் தீர்ந்துவிடும்.

ஆக, பண்டல் நம்பர் வேண்டும். கணக்கெடுப்புத் துறை அதைத் தந்திருக்கிறது. 2011-இல் மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், மாவட்டத்துக்கு மூன்று, வட்டத்துக்கு ஐந்து, ஊருக்கு ஆறு. தமிழ்நாடு 33. திருப்பூர் மாவட்டம் 633. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டால் எந்தச் செட்டிபாளையம் என்ற குழப்பமே எழாது. ஆனால் அந்த எண்களைக் கவனமில்லாமல் எக்செல்லில் திறந்தால் முன்னால் இருக்கும் சுழியத்தை அது தின்றுவிடும். தமிழ்நாட்டு வட்டங்களின் ஐந்திலக்க எண்கள் சுழியத்தில்தான் தொடங்குகின்றன. திறந்து மூடியதும் அவை நான்கிலக்கமாகி, வரைபடத்தில் இருக்கும் எண்ணோடு சேர மறுக்கும்.

திருப்பூருக்கென்றே ஒரு கூடுதல் சோதனையும் உண்டு. இந்த மாவட்டம் பிறந்தது 2009-இல். 2001 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்டம் என்று ஒரு வரிசையே கிடையாது. அவிநாசியும் பல்லடமும் உடுமலையும் அப்போது கோவை மாவட்டத்தில், 12 என்ற எண்ணின் கீழ் இருந்தன. காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டில், 10 என்ற எண்ணின் கீழ். 2011-இல் எல்லாம் 633-க்குள் வந்துவிட்டன. இந்தப் பத்தாண்டுகளில்தான் நகரத் திரளின் மக்கள்தொகை சுமார் 5.5 லட்சத்திலிருந்து 9.6 லட்சமாக ஏறியது. அந்த வளர்ச்சி எந்தெந்த ஊர்களில் நடந்தது என்று அறிய விரும்புபவர் இரண்டு கணக்கெடுப்புகளையும் ஊர் ஊராகப் பொருத்த வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இடையே ஒரு பாலம் இல்லாவிட்டால், மாவட்டமே வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றும்.

இந்தப் பாலத்தைக் கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1990களின் இறுதியில் கிறிஸ்தோஃப் கில்மோத்தோ என்ற மக்கள்தொகை ஆய்வாளர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. கணக்கெடுப்பு வரைபடங்களிலிருந்து தென்னிந்தியாவின் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை இடம் குறித்து, கணக்கெடுப்பு எண்களோடு இணைத்தார்கள். தென்னிந்தியாவில் பிறப்பு விகிதம் எங்கே முதலில் குறைந்தது, எந்தத் திசையில் பரவியது என்று காட்டுவதுதான் நோக்கம். மாவட்டச் சராசரிகளுக்குள் மறைந்து கிடந்த வேறுபாடுகள் ஊர் மட்டத்தில் வெளிப்பட்டன. அந்த நாளில், அந்தக் கணினிகளில், அவ்வளவு ஊர்களையும் பொருத்தியது அசாத்திய உழைப்பு. இந்தத் துறைக்குத் தமிழ் மண்ணிலேயே இப்படியொரு முன்னோடி இருப்பதை நம் பத்திரிகைகள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு வந்த 'ஷ்ரக்' என்ற தரவுத் தொகுப்பு 1991, 2001, 2011 கணக்கெடுப்புகளை நாடு முழுக்க இணைத்தது. பிரிந்த ஊர்களையும் சேர்ந்த ஊர்களையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது கண்ட வழி நேரானது. காலப்போக்கில் கலந்துபோன ஊர்களை எல்லாம் ஒரே அலகாகக் கட்டி, அந்த அலகுக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே 1990 கணக்கெடுப்புக்காகவே கணக்கெடுப்புத் துறையும் புவியியல் அளவைத் துறையும் சேர்ந்து நாட்டின் சாலைகள், ஆறுகள், எல்லைகள் அனைத்தையும் கணினியில் ஏற்றின. அந்தத் தொகுப்பின் சுருக்கப் பெயர் 'டைகர்'. அதன் கோப்புகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள்; சாலைக்கும் முகவரிக்கும் கவுண்டி வாரியாகத் தனித்தனிச் சுருக்கிய கோப்புகள். கையால் ஏற்ற யாராலும் ஆகாது. எனவே போஸ்ட்ஜிஐஎஸ் உருவாக்கியவர்கள் அதற்குள்ளேயே ஒரு வசதியைச் சேர்த்தார்கள். எந்த மாநிலம் வேண்டும் என்று சொன்னால் போதும். கோப்புகளை இறக்கு, பிரி, தற்காலிக அட்டவணையில் கொட்டு, சரிபார், நிரந்தர அட்டவணைக்கு மாற்று, தேடல் அட்டவணை கட்டு என்று முழு வேலைக்குமான நிரலை அதுவே எழுதிக் கொடுக்கும்.

நமக்கு இந்த வசதி அப்படியே பொருந்தாததற்குக் காரணம் நிரல் எழுதுபவர் இல்லை என்பதல்ல. 2011-இன் எண்கள் அட்டவணைகளாகத் தாராளமாகக் கிடைத்தன. ஊர் எல்லைகளோ நீண்ட காலம் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் பக்கங்களில் அச்சு வரைபடங்களாகத்தான் பெரும்பாலும் பொதுமக்கள் கண்ணில் பட்டன. படத்தை ஸ்கேன் செய்து, இடம் தெரிந்த சில புள்ளிகளை ஆணியடித்ததுபோல் நிறுத்தி, எல்லைகளைச் சுட்டியால் வரைந்து எடுக்க வேண்டும். 'டேட்டாமீட்' போன்ற தன்னார்வக் குழுக்கள் மாவட்ட எல்லைகளையும் பல மாநிலங்களின் கிராம எல்லைகளையும் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைத்தன. மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022-இல் தேசிய புவிசார் கொள்கை வந்தது. மக்கள் பணத்தில் எடுத்த அளவுகள் மக்கள் கைக்கு வருவது நியாயம். இது இன்னும் வேகமாக நடக்க வேண்டும்.

சரி, கோப்புகள் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாவட்டக் கோப்பைத் திறந்து, தலைப்புகளைத் திருத்தி, எல்லையோடு இணைத்து ஏற்றப் பத்து நிமிடம் பிடித்தால், 2011-இல் இருந்த 640 மாவட்டங்களுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரத்தைவிடப் பெரிய கேடு வேறொன்று. 417-ஆவது கோப்பில் கை தவறியதை யாரும் பார்க்க மாட்டார்கள். செய்தவருக்கே மறுநாள் நினைவிருக்காது. நிரலில் பிழை இருந்தால் எல்லாக் கோப்புகளிலும் ஒரே மாதிரி இருக்கும். கண்டுபிடித்து ஒரு இடத்தில் திருத்தி மறுபடி ஓட்டலாம்.

நல்ல நிரல் ஒன்று முதலில் எதையும் நேராக உள்ளே சேர்க்காது. துணி வந்ததும் கட்டிங்குக்கு முன்னால் செக்கிங் போகிறதே, அதுபோல வெளி அட்டவணை ஒன்றில் கொட்டிப் பார்க்கும். ஊர் எண் ஆறு இலக்கமா? எல்லைக் கோடு தன்னையே வெட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டிருக்கிறதா? இரண்டு ஊர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா? பழைய அளவை வரைபடங்களில் பூமியின் வடிவத்துக்கு 1830-இல் எவரெஸ்ட் கணித்த அளவைப் பயன்படுத்தினார்கள்; இன்றைய ஜிபிஎஸ் வேறு அளவைப் பயன்படுத்துகிறது. மாற்றாமல் ஏற்றினால் ஊர் இடம் பெயர்ந்து ஆற்றுக்கு மறுகரையில் போய் உட்காரும். பரப்பளவு கணக்கிடும்போது பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்து அளப்பார்கள். 78 டிகிரி தீர்க்கரேகை அத்தகைய இரண்டு பட்டைகளின் எல்லை. அது தமிழ்நாட்டின் நடுவே போகிறது. பின்னலாடைத் திருப்பூர் அதற்கு மேற்கே, வீட்டு ஜவுளிக் கரூர் நகரம் கிழக்கே. இரண்டையும் ஒரே பட்டையில் அளந்துவிட்டு ஒப்பிடுவது எங்கே சரி, எங்கே பிசகு என்பதையும் நிரலில் எழுதிவைக்கலாம்.

இதற்குப் பிறகு வருவது கூட்டல். மாவட்டத்தின் எல்லா ஊர்களையும் நகரங்களையும் கூட்டினால் 24,79,052 வர வேண்டும். 2011-இல் திருப்பூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை அது. ஒரு ஆள் குறைந்தாலும் நிரல் நின்றுவிட வேண்டும். உள்ளே எதுவும் பதியக் கூடாது. பாதி ஏறி பாதி நிற்பதைவிட ஒன்றுமே ஏறாமல் இருப்பது மேல். அதேபோல் ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினால் ஊர்கள் இரட்டிக்கவும் கூடாது. பார்க்க அற்பமான விதிகள் இவை. ஆனால் பெயரை வைத்துக் கையால் இணைக்கும் வேலையில் ஓசையின்றி உதிர்ந்துபோகும் ஊர்களைக் காப்பாற்றுவது இந்தக் கூட்டல்தான். எண் சேராத ஊர் வரைபடத்தில் வெள்ளைத் திட்டாகக் கிடக்கும். பார்ப்பவர் அங்கே ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

நொய்யல் கரை ஊர்களுக்கு இது வெறும் கணினி விவகாரமாக இருக்கவில்லை. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள பாசன நிலங்களும் கிணறுகளும் பாழானபோது வழக்குகள் நடந்தன. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நிலையை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இப்படிப்பட்ட பிரச்சினையில் முதல் கேள்வியே எந்த ஊர், எத்தனை பேர், எவ்வளவு நிலம் என்பதுதான். 2001-இல் ஒரு ஊரில் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் எத்தனை பேர், 2011-இல் எத்தனை பேர் என்று ஆற்றோரமாக ஊர் ஊராக வரிசைப்படுத்த முடிந்தால், என்ன மாறியது என்பதைப் பேச ஓர் அடித்தளம் கிடைக்கும். அந்த ஊர்களில் பலவோ கோவை, ஈரோடு எண்களிலிருந்து 633-க்கு மாறியவை. பாலம் கட்டாமல் ஒப்பிடவே முடியாது. விவசாயி குறைந்ததற்குச் சாயக் கழிவு காரணமா, பனியன் கம்பெனிச் சம்பளம் காரணமா என்று வரைபடம் தீர்ப்புச் சொல்லாது. எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று காட்டும்.

ஊர் எப்போது நகரமாகிறது என்பதும் இங்கே எண்ணும் கோடும் சேர்ந்து எடுக்கும் முடிவு. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயத்துக்கு வெளியே. இந்த மூன்றும் இருந்தால், ஊராட்சியாகவே நீடித்தாலும் கணக்கெடுப்புத் துறை அதைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று வகைப்படுத்தும். நாட்டில் 2001-இல் 1,362 ஆக இருந்த இவை 2011-இல் 3,892 ஆயின. வீட்டு முன்கூடத்தில் நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் குடும்பங்கள் நிறைந்த கொங்கு ஊர்களுக்கு இந்த வரையறை எவ்வளவு நெருக்கமானது என்பதைத் திருப்பூரைச் சுற்றி ஒரு முறை பஸ்ஸில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2011-க்குப் பிறகும் கோடுகள் சும்மா இருக்கவில்லை. அப்போதைய திருப்பூர் வட்டம் இப்போது திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு, ஊத்துக்குளி என்று மூன்றாகிவிட்டது. திருமுருகன்பூண்டி பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது. மாநிலத்தில் 32 ஆக இருந்த மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன. கொரோனாவால் 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய், புதிய கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியானது. தமிழ்நாட்டுக்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. முந்தைய முறை கணக்கெடுப்பாளர்கள் தங்கள் பகுதியின் உத்தேச வரைபடத்தைக் கையால் வரைந்தார்கள். கல் வீட்டுக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம், யாரும் குடியிருக்காத கட்டடத்துக்குள் கோடு கிழித்த நிழல். அளவுக்கு வரைந்தவை அல்ல என்பதால் அந்தக் காகிதங்களைத் தரவுத்தளத்தில் நேராக ஏற்ற வழியில்லை. இந்த முறை செல்பேசிச் செயலியில் பதிவு, கட்டடங்களுக்கு இடக்குறிப்பு என்று திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டு இடைவெளியில் இடம் மாறிய ஒவ்வொரு கோட்டுக்கும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் வேலை மறுபடி வரும்.

அதற்குத் தயாராக இருப்பவர் எல்லை அட்டவணையில் இரண்டு கட்டங்களைச் சேர்த்து வைத்திருப்பார். இந்தக் கோடு எந்த நாளிலிருந்து செல்லும், எந்த நாள்வரை செல்லும். பழைய எல்லையை அழித்துவிட்டுப் புதியதை எழுதாமல், இரண்டையும் நாளோடு வைத்திருந்தால் 4,44,352-உம் 8,77,778-உம் எப்போது கேட்டாலும் கிடைக்கும்.

இவ்வளவும் செய்து நிரலை ஓட்டிய பிறகும் கடைசியில் ஒரு சிறிய பட்டியல் மிஞ்சும். எண் விட்டுப்போனவை, இரண்டு இடத்தில் ஒரே பெயரோடு நிற்பவை, பாதி மாநகராட்சிக்குள்ளும் பாதி வெளியேயும் கிடப்பவை. இந்தச் செட்டிபாளையம் எந்தச் செட்டிபாளையம் என்று நிரலால் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலரோ, அந்த ஊர் நிறுத்தத்தில் தினமும் ஷிப்டுக்குப் பஸ் ஏறும் டெய்லரோ ஒரு நொடியில் சொல்வார். அந்த விடையைத் தனி அட்டவணை ஒன்றில், சொன்ன நாளோடு எழுதி வைத்தால், அடுத்த முறை நிரல் ஓடும்போது அந்த ஊர் தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.